கிட்டங்கியும் நைஜீரிய நூடல்சும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சட்டமும் நீதிமன்றமும் மின்சாரமும் ஒழுங்காக இல்லாத நாட்டில் தொழில் தொடங்கினால், போட்ட பணம் ஆற்றில் கரைத்த புளியாகிவிடும் என்று நம் இளையர் பலர் எண்ணுகின்றனர். எல்லாம் அமைந்துவிட்ட சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே.

ஆனால், இங்கே தலைமையகம் கொண்ட தோலாராம் குழுமம், நைஜீரியா ராணுவ ஆட்சியில் இருந்த 1988ல் அங்கு இண்டோமி நூடல்சை விற்கத் தொடங்கியது. நூடல்ஸ் என்பதையே அறியாத மக்களுக்கு அதை உண்ணப் பழக்கி, பின்னர் அங்கேயே தொழிற்சாலை கட்டி, மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்து, மாவு ஆலை, பொட்டல உறை, லாரிகள் என ஒவ்வொன்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட அந்நிறுவனம், 2023ல் திறக்கப்பட்ட லெக்கி ஆழ்கடல் துறைமுகத்திலும் பங்குதாரராக உள்ளது. நூடல்ஸ் விற்கத் துறைமுகம் வரை போகவேண்டியிருந்தது! கென்யாவில் 2007ல் வந்த, கைத்தொலைபேசிவழிப் பணம் அனுப்பும் சேவையான எம்-பெசாவும் வங்கிக் கிளைகள் எட்டாத ஊர்களில் பெட்டிக்கடைகளையே பணம் போடவும் எடுக்கவும் உரிய இடங்களாக்கியது.

அமைப்புகளின் குறையைத் தாமே ஈடுகட்டித் தொழில் செய்வது நமக்குப் புதிதன்று. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் (கடையும் தங்குமிடமுமான கட்டடங்களில்) வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் காலத்தில் ஆங்கிலேயரின் நீதிமன்றம் இருந்தது உண்மைதான். எனினும், கடலுக்கு அப்பால் செட்டிநாட்டில் இருந்த முதலாளியின் பணத்தை இங்கே காத்தது பெரும்பாலும் முகவருடன் செய்துகொண்ட வேலை ஒப்பந்தமான சம்பளச்சீட்டும், அவருடைய மூன்றாண்டுப் பணித் தவணையும், ஊருக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த கணக்கும், பெயர் கெட்டால் வேறெந்தக் கிட்டங்கியிலும் இடம் கிடைக்காது என்ற அச்சமுமே.

இதனால் அரசு அமைப்புகள் தேவையில்லை என்று வாதிடுவது தவறு. உறவின்மேல் கட்டிய நம்பிக்கை, உறவுக்கு வெளியே இருப்பவனை வாசலிலேயே நிறுத்திவிடும். ஜெனரேட்டருக்கும் டீசலுக்கும் ஆகும் செலவைப் பெருநிறுவனம் தாங்கும்; தையற்கடைக்காரர் தாங்கமாட்டார். எனவே, எந்தக் குறையைத் தன் முதலால் ஈடுகட்ட முடியும், எதை முடியாது என்று பிரித்தறிவதே அத்தகைய நாடுகளில் தொழில்முனைவரின் முதல் வேலை என்பது என் கருத்து.

சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக, தொழிற்சபை போன்ற அமைப்புகள், லாகோசிலும் நைரோபியிலும் தொழில் நடத்தித் திரும்பியவர்களை அழைத்து, எந்தெந்தச் செலவைத் தாமே சுமந்தனர், எங்கே நட்டப்பட்டனர் என்பதைக் கணக்குடன் மாணவர்கள்முன் பேசவைக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்