விழும் வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம். ஏப்ரல் 11, உலக பார்க்கின்சன் தினத்தை ஒட்டி, நடுக்கமும் விறைப்பும் தரும் அந்த நரம்பு நோய் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மருந்துகளை விரிவாக விளக்கிய கட்டுரையாளர் உடற்பயிற்சிக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தார். அது போதாது. இந்நோய்க்குத் தரப்படும் முக்கிய மருந்தான லெவோடோபா கை கால் விறைப்பைத் தளர்த்தும், சரி. ஆனால் நடைத் தடுமாற்றமும் சமநிலைக் குறைவும் மாத்திரைக்கு மட்டும் முழுதாகக் கட்டுப்படுவதில்லை. அதற்குப் பயிற்சி வேண்டும், அதுவும் நோய் தெரிந்த உடனேயே. நம்மில் பலர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் பிசியோதெரபிஸ்டைத் தேடுகிறோம்.

டர்பனின் மெரேபாங்க் பகுதியில் இருக்கும், இந்நோய் உள்ள என் பெரியப்பாவுக்கு வாசற்படி அருகே வந்தாலே கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். பிசியோதெரபிஸ்ட் வந்து தரையின் குறுக்கே வண்ண டேப்புகளை வரிசையாக ஒட்டினார். பெரியம்மா பக்கத்தில் நின்று கைதட்டித் தாளம் போட்டார். பெரியப்பா டேப் கோட்டைத் தாண்டுவதாக எண்ணிக் காலைத் தூக்கினார், நடை வந்துவிட்டது. மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம் பார்த்துத்தான் பயிற்சி செய்கிறார், இது முக்கியம். சாட்ஸ்வொர்த், மெரேபாங்க் பகுதிகளில் கோயில் மண்டபங்கள் பல வாரநாள் காலையில் காலியாகவே இருக்கின்றன. அங்கே வாராந்திரக் குழுப் பயிற்சி நடத்த குவாசுலு-நட்டால் மாகாண சுகாதாரத் துறை பிசியோதெரபிஸ்டுகளை அனுப்ப வேண்டும். வாடகையில்லாமல் இடம் தர நம் கோயில் நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.

— ஒரு வாசகி, டர்பன்