அந்த ஆறு புத்தகங்கள்: தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு பள்ளி நூலகரின் திறந்த மடல்

அமெரிக்காவில் பிள்ளைகளை வளர்க்கும் அன்புள்ள தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். எங்கள் நடுநிலைப் பள்ளி நூலகத்திலிருந்து ஆறு புத்தகங்களை நீக்கக் கோரும் மனு சென்ற மாதம் என் மேசைக்கு வந்தது. கையெழுத்துகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தெரிந்த பெயர்கள் இருந்தன. தங்கள் பிள்ளைக்கு என்ன புத்தகம் தரலாம் என்று என்னிடம் வந்து கேட்டவர்கள். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

பிள்ளையைப் பற்றிய உங்கள் கவலையை நான் குறை சொல்லமாட்டேன். உங்கள் மகள் குறிப்பிட்ட ஒரு நூலை எடுக்கக் கூடாது என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவள் கணக்கில் குறித்து வைக்கிறேன். அது உங்கள் உரிமை. மனு கேட்பது வேறு. இந்தப் பள்ளியில் படிக்கும் எவருடைய பிள்ளையும் அதைத் தொடக் கூடாது என்கிறது.

மனுவோடு வாட்ஸ்அப்பில் சுற்றிய சில பக்கங்களின் படங்களும் இருந்தன. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, புத்தகத்துக்குச் சரிவராது. ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லும் ஒன்றரைப் பக்கத்தை மட்டும் பிய்த்துக் காட்டினால் யாருக்கும் மனம் பதறும். அவள் அதை யாரிடம் சொன்னாள், யார் நம்பினார்கள், எப்படி மீண்டாள் என்பதெல்லாம் மற்ற பக்கங்களில் அல்லவா இருக்கிறது! ஆட்சேபம் வந்தால் ஒரு குழு முழு நூலையும் படித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும், அதுவரை நூல் அலமாரியிலேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இந்த முறை படிக்காமலேயே எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட மனுக்கள் பெற்றோரிடமிருந்து எழுவதாகவே நானும் நினைத்திருந்தேன். அமெரிக்க நூலகச் சங்கம் 2024ஆம் ஆண்டுக்குத் திரட்டிய கணக்கில், நீக்கக் கோரியவற்றில் 72 சதவீதம் அழுத்தக் குழுக்களும் அரசு அமைப்புகளும் வாரிய உறுப்பினர்களும் நிர்வாகிகளும் தொடங்கியவை. பெற்றோர் தொடங்கியவை 16 சதவீதம்தான். உங்களிடம் நீட்டப்பட்ட தாளை முதலில் எழுதியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

1959இல் அலபாமாவில் ஒரு கறுப்பு முயலும் வெள்ளை முயலும் திருமணம் செய்துகொள்ளும் குழந்தைகள் படநூலை எரிக்க வேண்டும் என்றார் ஒரு மாநில செனட்டர். மாநில நூலகச் சேவையின் இயக்குநர் எமிலி ரீட் அதை விலக்க மறுத்தார். பொது அலமாரியிலிருந்து தனி அலமாரிக்கு மாற்றினாரே தவிர, கேட்ட நூலகங்களுக்குக் கொடுத்தபடி இருந்தார். அவரும் ஒரு படி இறங்கத்தான் வேண்டியிருந்தது என்பது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் நூல் பிழைத்தது. பள்ளி வாரியம் நூலகத்திலிருந்து நூல்களை நீக்கியதை எதிர்த்து, 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பிகோ வழக்கைத் தொடுத்தவர்கள் மாணவர்களே. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகவே பள்ளி வாரியம் நூலக நூல்களை எடுக்கக் கூடாது என்று அதில் நீதிபதி பிரென்னன் எழுதினார். நீதிபதிகளிடையே பெரும்பான்மை ஒருமித்து வராததால், அந்தத் தீர்ப்பின் பலம் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது.

இதையெல்லாம்விட எனக்கு வலிப்பது ஒன்று உண்டு. நீக்கிய நூலுக்காவது ஒரு பட்டியல் இருக்கும், வாங்காமல் விட்ட நூலுக்கு எதுவும் இருக்காது. போன முறை ஆர்டர் போடும்போது, நல்ல மதிப்புரைகள் பெற்ற ஒரு நாவலின் பெயர் வந்ததும் தயங்கினேன். வம்பு எதற்கு என்று தாண்டிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவி, எல்லோரும் போகும்வரை காத்திருந்து, “அம்மா ஜெயிலில் இருக்கிற பெண்ணைப் பற்றிக் கதை ஏதாவது இருக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள். நான் தாண்டிவிட்ட கதை அதுதான். இல்லையம்மா என்றேன். வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சீர்காழியில் பிறந்த நம் நூலக அறிஞர் ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளை எனக்கு இங்கே ஓர் அமெரிக்கப் பேராசிரியைதான் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது விதி. அன்று ஒரு வாசகி வந்து நின்றாள். அவளுக்குரிய நூல் என்னிடம் இல்லை. அதைத் தடுத்தது எந்த வாரியமும் இல்லை, என் பயம்தான். இப்போது அந்த நாவலை வாங்கிவிட்டேன்.

பள்ளி வாரியம் அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை கூடுகிறது. பேச விரும்பும் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் தருவார்கள். நான் பேசப் போகிறேன். கையெழுத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று உங்களைக் கேட்கவில்லை. அந்த ஆறு நூல்களிலும் கூடுதல் படி ஒன்று என் மேசையில் இருக்கிறது. பள்ளி விட்ட பிறகு 4.30 மணிவரை நூலகத்தில்தான் இருப்பேன். வந்து, ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள். அதன் பிறகும் நீக்கத்தான் வேண்டும் என்று பட்டால், அதை என் எதிரில் சொல்லுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் நூலகர்