மாந்தோப்பையும் ஒகேனக்கலையும் எங்கள் நாற்காலிக்கே கொண்டுவந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறவள் நான். எங்களிடம் இருப்பவர்களில் பல பேர் எழுந்து நடமாட முடியாதவர்கள். பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, மறதி நோய் என்று ஆளுக்கொரு காரணம். ஒருவரை வேனில் ஏற்றி இறக்கவே இரண்டு பேர் வேண்டும். அதனால் வெளியே போவது அபூர்வம். அவர்களுக்கு வி.ஆர். ஹெட்செட் (முகத்தில் மாட்டினால், அந்த இடத்திலேயே இருப்பது போலச் சுற்றிலும் காட்சி தெரியும் கருவி) மாட்டி ஊர் சுற்றிக் காட்ட உதவியவர்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளுக்கு. ஹெட்செட்டைக் கொடுத்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. அதில் ஏற்கெனவே இருந்த காட்சிகளைத்தான் முதலில் போட்டோம். கடலுக்கடியில் சுறா வந்ததும் ஒரு பாட்டி இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். பாரிஸ் கோபுரத்தைப் பார்த்தவர்கள் "நல்லாத்தான் இருக்கு" என்று மரியாதைக்குச் சொல்லிக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் 17 முதியோர் குடியிருப்புகளைச் சேர்ந்த 65 முதல் 103 வயது வரையிலான 245 பேர் கலந்துகொண்டதையும், ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு மனசு தெளிந்ததாகச் சொன்னதையும் அந்தப் பிள்ளைகள்தான் எனக்குப் படித்துக் காட்டினார்கள். அங்கே எடுபட்டது இங்கே ஏன் எடுபடவில்லை என்று பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பையன், "நம்ம ஊரையே எடுத்துடலாம் மேடம்" என்றான்.

எடுத்தார்கள். நிற்கிறவர் உயரத்தில் கேமராவை வைத்தால், உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்தரத்தில் மிதப்பது போல இருக்குமாம். அதனால் நாற்காலியில் இருப்பவரின் கண் மட்டத்துக்கு இறக்கி வைத்தார்கள். கேமரா நகரவும் கூடாது. கண் "நகர்கிறோம்" என்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "இல்லை" என்று சொன்னால் தலைசுற்றலும் குமட்டலும் வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் ஒகேனக்கல் பரிசல்கார அண்ணனுக்கு நன்றி. சுற்றுலா வருகிறவர்களுக்குப் பரிசலைச் சுழற்றிக் காட்டியே பழகியவர். எங்களுக்காகப் பாறை ஓரமாகத் துடுப்பை ஊன்றி, கேமரா ஓடி முடியும் வரை பிடித்துக்கொண்டு நின்றார். "சுத்தறது சுலபங்க, நிறுத்தறதுதான் பாடு" என்றாராம். எங்களால் அன்றைக்கு அவர் இழந்த சவாரிக்குக் காசு கொடுத்தபோதும் வாங்கவில்லை.

மாந்தோப்புக்காரருக்கும் அப்படித்தான் கடன்பட்டிருக்கிறேன். காய் பறிக்கிற நேரத்தில், ஆட்கள் வேலை செய்யும்போதே உள்ளே விட்டார். மண்டியில் காய் தரம் பிரித்த அவ்வா (தெலுங்கில் பாட்டி) ஒருவர் எங்களிடம் இருக்கிறார். ஹெட்செட் மாட்டியதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கையை நீட்டி, எதிரே தொங்கிய பெங்களூரா காயைத் தடவிப் பார்க்கப் போனார். தொரட்டிக்காரரைப் பார்த்துத் தெலுங்கும் தமிழுமாக ஒரே திட்டு: "காம்போட பறிங்கடா! பால் பட்டா தோல் கருத்துப்போகும், மண்டியில எவன் வாங்குவான்?" பயிற்சிக்குத் தூக்கச் சொன்னால் சலித்துக்கொள்கிற கை அது. எங்கள் பிசியோதெரபிஸ்ட் அம்மா விடுவாரா, "மேல் கிளையில ஒண்ணு இருக்கு பாருங்க அவ்வா" என்று இன்னும் கொஞ்சம் உயர்த்த வைத்தார்.

கழற்றிய பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ருசியில் செந்தூராவா அல்போன்சாவா என்று அவ்வாவுக்கும் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் ராத்திரிச் சாப்பாடு வரை வழக்கு. அந்த அம்மா அதுவரை ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர். இதனால் நோய் குணமாகிவிட்டது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பேச ஒரு விஷயம் கிடைத்தது, அவ்வளவுதான். எங்கள் இல்லத்தில் அதற்குத்தான் பஞ்சம்.

யாருக்கு மாட்டலாம், யாருக்குக் கூடாது என்று பார்த்துச் சொன்னதும் அதே பிசியோ அம்மாவும் நர்ஸும்தான். வலிப்பு வருகிறவர்களுக்கும், மறதி நோய் முற்றி மிரள்கிறவர்களுக்கும் மாட்டுவதில்லை. அவர்கள் அதே காட்சியை டிவியில் பார்க்கிறார்கள். மற்றவர்களுக்கும் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும்.

எங்கள் ஆயாம்மாக்களைச் சொல்லாமல் விட்டால் சாப்பாடு கிடைக்காது. அரைக்கிலோ எடை முகத்தில் ஏறும்போது பயம் வரத்தான் செய்யும். "நான் இங்கதான் இருக்கேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது அவர்கள்தான். ஒவ்வொருவர் முடித்ததும் முகம் படுகிற பஞ்சுப் பட்டையைத் துடைத்துவைப்பதும் அவர்கள்தான். மேடையில் சால்வை போடும்போது இவர்களை யாரும் கூப்பிடுவதில்லை, அதனால் இங்கே கூப்பிடுகிறேன்.

பிள்ளைகளே, அடுத்த படப்பிடிப்பு தீர்த்தமலையில் என்று நம் தாத்தாக்கள் தீர்மானம் போட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட வாருங்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் செய்வதாகப் பாட்டிமார் சொல்லச் சொன்னார்கள். எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், களி கிண்ட ஆள் பார்க்க வேண்டும்.

நன்றியுடன்,
இல்லப் பொறுப்பாளர்,
கிருஷ்ணகிரி