மகளுக்கு, முதல் கார் வேண்டமுதல்

அன்பு மகள் குஞ்சுக்கு,

நேற்று இரவு நீ வட்ஸப்பிலை அனுப்பின ரெண்டு கார்ப் படமும் பாத்தன். போனிலை கதைச்சால் பாதி விட்டுப்போகும், அதாலை ஆறுதலா இருந்து எழுதுறன். நைற் டியூட்டி முடிச்சு நல்லா நித்திரை கொண்டு எழும்பின பிறகு வாசி பிள்ளை, அரை நித்திரையிலை வாசிக்காதை.

உன்னோடை வேலை செய்யிற பிள்ளை "பிரெஞ்சுக் கார் மட்டும் எடுத்திடாதை, எல்லாம் தகரம், ரெண்டு வருஷத்திலை கராஜ் வாசலிலை நிக்கும், ஜேர்மன்காரன்ரையை எடு" எண்டு சொன்னதெண்டு எழுதியிருந்தாய். உந்தக் கதை எனக்குப் புதுசில்லை. பரிசுக்குப் பக்கத்திலை லா கூர்னேவிலை கோயில் வாசலிலை, கலியாண ஹோல் பார்க்கிங்கிலை, எங்கை நாலு பேர் நிண்டாலும் இதைத்தான் கதைக்கினம். நான் பிரான்சுக்கு வந்தது 1991, அதுக்குப் பிறகு இவ்வளவு காலமும் இந்தக் கார்களுக்குக் கீழைதான் படுத்தெழும்பினனான். அந்தப் பிள்ளை சொன்னதிலை உண்மையும் இருக்குது, ஆனால் அந்த உண்மை அவை நினைக்கிற இடத்திலை இல்லை, அதைத்தான் உனக்கு விளங்கப்படுத்தப் போறன்.

முதல் என்ரை சித்தப்பாவின்ரை கதையிலை இருந்து தொடங்கிறன். உனக்கு அவரைத் தெரியாது. யாழ்ப்பாணத்திலை ஹயருக்கு ஒரு பேஜோ 404 ஓடினவர். கியர் ஸ்ரியறிங்கோடை இருக்கும், பின்னாலை ஆறு பேரை அடைஞ்சு ஏத்திக்கொண்டு, டிக்கியிலை வெங்காய மூட்டையும் போட்டுக்கொண்டு போகும். அந்தக் கார் ஆபிரிக்காவிலை சஃபாரி ரேஸை 1963, 66, 67, 68 எண்டு நாலு தரம் வெண்டது, சேறும் புழுதியும் கல்லுமா ஆயிரக்கணக்கான மைல். அதுக்குப் பின்னாலை வந்த 504 ஐ நைஜீரியாவிலையும் கென்யாவிலையும் 2000 தாண்டியும் செய்துகொண்டிருந்தவை. அந்தக் காலத்திலை ஆரும் பிரெஞ்சுக் கார் தகரம் எண்டு சொல்லேல்லை பிள்ளை. பின் அச்சுக்குள்ளை அந்தக் காருக்கு ஒரு வெண்கலப் பல்லுச் சில்லு, அதுக்கு ஆமணக்கெண்ணெயிலை செய்த விசேஷ ஓயில்தான் ஊத்த வேணும், கண்ட கியர் ஓயிலை ஊத்தினால் வெண்கலம் அரிச்சுப் போகும். சித்தப்பா அந்த ஓயிலுக்காகக் கொழும்புக்கே ஆள் விட்டு எடுப்பிப்பார். 1990 க்குப் பிறகு பெற்றோல் தடை வந்து ஊரிலை எல்லாக் காரும் காபரேற்றருக்குள்ளை நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணையிலை ஓடின நேரத்திலையும் அவர் அந்த அச்சு ஓயிலை மட்டும் மாத்தேல்லை. "எஞ்சின் பட்டினி கிடக்கட்டும், இது கிடக்கக்கூடாது" எண்டுவார்.

இஞ்சை வந்து ஒபர்வில்லியேயிலை முதல் கராஜிலை சேர்ந்தபோது பத்ரோன், முதலாளி, ஒரு வயசான பிரெஞ்சுக்காரர், சித்ரோன் டிஎஸ் எண்ட பழைய கார் எண்டால் அவருக்கு உயிர். 1962 ஓகஸ்ட் 22, பரிசுக்குப் பக்கத்திலை பெத்தி கிளமாரிலை பிரான்ஸ் ஜனாதிபதி ஜெனரல் தெ கோலைக் கொல்ல அவர் போன டிஎஸ்சைச் சுட்டபோது ரயர் வெடிச்சும் அந்தக் கார் நிக்காமல் ஓடித் தப்பினதை ஒரு கிழமைக்கு ஒருக்கால் எண்டாலும் சொல்லுவார். எனக்குப் பாஷை சரியாத் தெரியாது, ஆனால் அவர் எனக்கு முதல் காட்டித் தந்தது எஞ்சினை இல்லை, ரெண்டு போத்தலை. ஒண்டு சிவப்புத் திரவம், மற்றது பச்சை. டிஎஸ்சின்ரை சஸ்பென்சனுக்கு முதல் சிவப்பு, பிறகு 1966 அளவிலை பச்சைக்கு மாத்தினவை. மாறி ஊத்தினால் ரப்பர் சீல் முழுக்கப் போய்க் கார் நிலத்திலை படுத்திடும். பேந்து ஊரெல்லாம் "சித்ரோன் சரியில்லை" எண்டு சொல்லுவினம் எண்டார். அண்டைக்கு எனக்குச் சித்தப்பாவின்ரை நினைவுதான் வந்தது.

இனி நீ அனுப்பின படங்களுக்கு வாறன்.

முதலாவது, அந்த பென்ஸ் ஏ 180 சிடிஐ, 2013, கையாலை கியர் மாத்திற டீசல். வடிவான கார்தான், நீ ஆசைப்பட்டது எனக்கு விளங்குது. ஆனால் பிள்ளை, அந்த மூடியைத் திறந்தால் உள்ளுக்கை இருக்கிறது ரெனோவின்ரை 1.5 டிசிஐ எஞ்சின். ஓம், கிளியோவிலையும் மெகானிலையும் கங்கூவிலையும் ஓடுற அதே எஞ்சின்தான், நிசானுக்கும் குடுத்தவை. தகரம் எண்டு சொல்லுற வாயே அதுக்கு முன்னாலை நட்சத்திரம் இருந்தால் கும்பிடுது. இதுமாதிரித்தான் பேஜோவின்ரை 1.6 எச்டிஐ டீசலும், போர்ட், வொல்வோ, மாஸ்டா, மினி எல்லாத்துக்கையும் போனது. அங்கால ரொயோட்டா யாரிஸ் 2001 இலை இருந்து வலன்சியனுக்குப் பக்கத்திலை ஒனங் எண்ட இடத்திலை பிரெஞ்சுத் தொழிலாளர் பூட்டுற கார், இப்பத்தைய பேஜோ 208 ஸ்லோவாக்கியாவிலையும் மொரோக்கோவிலையும் பூட்டினது. அப்ப எது பிரெஞ்சுக் கார்? பேரைப் பாத்து ஒண்டும் சொல்லேலாது.

அந்த 1.5 எஞ்சின் கெட்டதும் இல்லை. 2000 களிலை வந்ததுகளிலை எஞ்சினுக்குள்ளை சுத்திற தண்டைத் தாங்கிற கொன்ரொட் பெயறிங் தேஞ்சு எஞ்சின் கைவிட்ட கதை நிறைய, பிறகு வந்ததுகள் நல்லா ஓடினது. ஆனால் நீ பாத்த கார் 190,000 கிலோமீற்றர், சேர்விஸ் புத்தகம் "துலைஞ்சு போச்சு" எண்டு விளம்பரத்திலையே எழுதியிருக்குது. புத்தகம் துலையிறேல்லை பிள்ளை. அதோடை உன்ரை வீட்டிலை இருந்து ஆஸ்பத்திரிக்கு 6 கிலோமீற்றர். டீசலுக்கு இருக்கிற புகை ஃபில்ரர், அதையும் முதல் காரிலை போட்டுக் குடுத்தது பேஜோதான், 2000 இலை 607 இலை, அது நல்லாச் சூடேறினால்தான் உள்ளுக்கை பிடிச்ச கரியை எரிக்கும். 6 கிலோமீற்றர் போய் நிப்பாட்டி 6 கிலோமீற்றர் திரும்பி வந்தால் அது அடைச்சுக்கொண்டே போகும். உனக்கு டீசல் வேண்டாம், எந்த நாட்டுக்காரன்ரையும் வேண்டாம்.

ரெண்டாவது, பேஜோ 208, 2016, 1.2 பியூர்டெக் எண்ட பெற்றோல் எஞ்சின். இதிலைதான் எனக்கு உண்மையிலை வயிறு எரியிறது. அந்த எஞ்சின் தன்ரை வகுப்பிலை 2015 இலை இருந்து 2018 மட்டும் வரிசையா நாலு வருஷம் உலகத்தின்ரை சிறந்த எஞ்சின் எண்டு பரிசு எடுத்தது. ஓட்டினால் நல்ல ருசி, பெற்றோலும் கொஞ்சமாத்தான் குடிக்கும். ஆனால் எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடப் பண்ணுற டைமிங் பெல்ற்றை ஓயிலுக்குள்ளை ஓட விட்டிட்டினம். ரப்பர் பெல்ற் ஓயிலுக்குள்ளை! குளிருக்கை கிட்டக் கிட்ட ஓடேக்கை பெற்றோல் கசிஞ்சு ஓயிலோடை கலக்கும், அது ரப்பரை ஊதப் பண்ணும், பிறகு துகள் துகளா உரிஞ்சு ஓயில் பம்பின்ரை வடியை அடைக்கும், ஓயில் பிரெஷர் லைற் பத்தும், சிலதுகளிலை பிரேக்குக்கு உதவிசெய்யிற பம்புக்கும் ஓயில் போகாமல் பிரேக் கல்லு மாதிரி இறுகும். முதல் பெல்ற்றை 10 வருஷத்துக்கு ஒருக்கால் மாத்தினால் காணும் எண்டவை, பேந்து 6 வருஷம் அல்லது 100,000 கிலோமீற்றர் எண்டு குறைச்சினம். சனம் கோபப்பட்டு, கடைசியிலை 2024 இலை 10 வருஷம் அல்லது 175,000 கிலோமீற்றர் வரைக்கும் நாங்கள் பொறுப்பு எண்டு அறிவிச்சினம், அதுவும் சேர்விஸ் எல்லாம் நேரத்துக்குச் செய்த பில் இருந்தால்தான். நீ பாத்த கார் 2016, இந்த வருஷத்தோடை அந்தப் 10 வருஷம் முடியுது. புது எஞ்சின்களுக்கு 2023 இலை இருந்து செயின் போடத் தொடங்கினவை, ஆனால் அது உன்ரை காசுக்கு வராது. ஆகவே உந்த 208 வேண்டாம், அது பேஜோ எண்டதாலை இல்லை, பெல்ற் மாத்தின பில் இல்லாததாலை.

நல்ல கார் செய்யத் தெரிஞ்சவை ஏன் இப்பிடிச் செய்தவை எண்டு நான் கனநாள் யோசிச்சிருக்கிறன். நான் நினைக்கிறது இதுதான். கம்பனிகளுக்கு மொத்தமா நூறு கார் இருநூறு கார் விக்கிறதுக்காக, பராமரிப்புச் செலவு குறைவு எண்டு காட்டுறதுக்காக, ஓயில் மாத்திற தூரத்தை 15,000, 20,000, 30,000 எண்டு இழுத்துக்கொண்டு போனவை. முதல் மூண்டு வருஷம் கம்பனிக்காரன் ஓடிப்போட்டுக் குடுத்திடுவான், அவனுக்கு ஒண்டும் நடக்காது. அதை வேண்டிற ரெண்டாவது ஆள்தான் எஞ்சினை மாத்திறது, அந்த ரெண்டாவது ஆள் எங்களைப்போல சனம்தான். பெயறிங் தேஞ்சதும் டேர்போ போனதும் கனக்க இடத்திலை பழைய ஓயிலாலைதான். இது பிரெஞ்சுக்காரன் மட்டும் செய்த பிழையும் இல்லை, ஆனால் கெட்ட பேர் இவைக்குத்தான் கூட ஒட்டினது.

ரெனோவின்ரை லகுனா எண்ட காரின்ரை கதையைப் பார். 2001 இலை வந்த ரெண்டாவது லகுனா, ஐரோப்பாவிலை மோதல் சோதனையிலை அஞ்சு நட்சத்திரம் எடுத்த முதல் கார். திறப்புக்குப் பதிலா கார்ட். எல்லாருக்கும் ஆசை. பிறகு எலெக்ரோனிக் கோளாறு, டேர்போ கோளாறு எண்டு தொடங்கி ரெனோ எண்டாலே சனம் பயப்பிடுற நிலைக்கு வந்திட்டுது. 2006 இலை ரெனோவின்ரை அப்பத்தைய தலைவர் கார்லோஸ் கோன் அடுத்த லகுனா தரத்திலை முதல் மூண்டுக்குள்ளை வரும் எண்டு சொல்லி, 2007 இலை 3 வருஷம் அல்லது 150,000 கிலோமீற்றர் உத்தரவாதத்தோடை விட்டார். அது உண்மையிலை நல்ல கார் பிள்ளை, இண்டைக்கும் ஓடுதுகள். ஆனால் சனம் திரும்பி வரேல்லை, 2015 இலை நிப்பாட்டிப்போட்டினம். முதல் காரிலை போன பேரை ரெண்டாவது காராலை மீட்கேலாமல் போச்சு.

உனக்கு ஒண்டு சொல்லவேணும், இவ்வளவு நாளும் சொல்லேல்லை. 2005 கோடையிலை ஏ6 பெருந்தெருவிலை ஒசேருக்குக் கிட்ட எங்கட கார் நீலப் புகை கக்கி நிண்டது உனக்கு ஞாபகமோ தெரியேல்லை, நீ அப்ப நாலரை வயசு, வெயிலுக்கை ரோட்டுக் கரைப் புல்லிலை அம்மாவின்ரை மடியிலை அழுதுகொண்டிருந்தாய். டேர்போ உடைஞ்சது. அது எந்தக் கார் எண்டு எழுதேல்லை, ஏனெண்டால் பிழை காரிலை இல்லை. சுனாமிக்குப் பிறகு ஊருக்குக் காசு அனுப்பவேண்டி இருந்தது, ஓயில் மாத்திறதை அடுத்த மாசம் அடுத்த மாசம் எண்டு தள்ளி 38,000 கிலோமீற்றர் ஓடிப்போட்டன். கராஜிலை வேலை செய்யிற நான். பிறகு கன வருஷம் ஆக்கள் கேட்டால் "இந்த நாட்டுக் காரே இப்பிடித்தான்" எண்டு சொல்லித் திரிஞ்சன், அது பொய்.

அதாலை இப்ப உனக்கு நான் பாத்து வைச்சிருக்கிறது ஒரு பேஜோ 107, பெற்றோல், 2012, 84,000 கிலோமீற்றர், டிஜோனுக்குப் பக்கத்திலை ஷெனோவிலை ஒரு வயசான மதாமின்ரை, ஒரே ஆள் ஓடினது, எல்லா பில்லும் இருக்குதாம். 107, சித்ரோன் சி1, ரொயோட்டா ஐகோ, மூண்டும் செக் நாட்டிலை கோலின் எண்ட இடத்திலை ஒரே பக்டரியிலை ஒரே பட்டறையிலை செய்த ஒரே கார், எஞ்சின் ரொயோட்டாவின்ரை 1.0, மூண்டு சிலிண்டர், டைமிங் செயின். அப்ப கடைசியிலை ஜப்பான் எஞ்சின்தானே அப்பா எண்டு நீ கேப்பாய். ஓம், ஆனால் அதே காருக்கு ரொயோட்டா எண்ட பேர் இருந்தால் கூடக் காசு கேக்கினம், அந்த மிச்சக் காசிலை உனக்குக் குளிர்கால ரயர் போடலாம். இது சரிவராட்டில் மூண்டாவது கிளியோ, 1.2 பதினாறு வால்வ் 75 குதிரை, அது டேர்போ இல்லாத பாவப்பட்ட எஞ்சின், பெல்ற் மாத்தின பில் மட்டும் கேட்டால் காணும். 2012 இலை இருந்து 2016 மட்டும் வந்த ரெனோவின்ரை 1.2 டேர்போவைத் தொடாதை, அதுகளிலை ஓயில் குடிக்கிறதுகள் கனக்க.

ஆராவது சித்ரோன் சி3 காட்டினால் இன்னொரு விஷயம். 2025 ஜூனிலை ரீம்ஸிலை பழைய சி3 ஓட்டின ஒரு பொம்பிளை ஏர்பாக் வெடிச்சுச் செத்தவ. அது தக்காத்தா எண்ட ஜப்பான் கொம்பனி செய்த ஏர்பாக், கன நாட்டுக் கார்களிலை இருந்தது. கார்த் கிறீஸ் எண்ட காரின்ரை பதிவுப் பத்திரத்திலை "ஈ" எண்ட இடத்திலை இருக்கிற நம்பரைக் குடுத்து ஏர்பாக் மாத்தியாச்சோ எண்டு பாக்காமல் அந்தக் காருக்குள்ளை ஏறவே கூடாது. மாத்திறது சும்மா, காசில்லை.

107 வைச்சிருக்கிற மதாமிட்டைக் கேட்டு, காரின்ரை பழைய வரலாறு காட்டுற அரசாங்க ஹிஸ்தோவெக் லிங்கை எடுத்து எனக்கு அனுப்பு. கொன்ரோல் ரெக்னிக், அதுதான் காரைச் சோதிச்ச பேப்பர், ஆறு மாசத்துக்குள்ளை செய்ததா இருக்கவேணும், முன்னம் செய்ததுகளையும் கேள், கிலோமீற்றர் ஒழுங்கா ஏறியிருக்கோ எண்டு பாப்பம். முதல் வருஷ இன்சூரன்ஸ் உனக்கு ரெண்டு மடங்கு வரும், அதாலையும் சின்ன எஞ்சின்தான் நல்லது. 107 இலை கிளச் தேயும், வாட்டர் பம்ப் சிலதிலை ஒழுகும், டிக்கிக் கம்பளத்துக்குக் கீழை தண்ணி நிக்கும், அதுகளை நான் வந்து பாக்கிறன்.

சனிக்கிழமை விடிய முதல் ட்ரெயினிலை பரிஸ் "கார் து லியோன்" ஸ்ரேஷனிலை இருந்து வாறன், டிஜோனுக்குப் பத்து மணிக்கு முன்னம் வந்திடுவன். அம்மா உனக்கு மீன் குழம்பும் தூளும் தந்துவிடுறா. மதாமிட்டை ஒண்டு மட்டும் இப்பவே சொல்லிவை, நாங்கள் வந்து சேருமட்டும் காரை ஸ்ரார்ட் பண்ணவேண்டாம் எண்டு. குளிர்ந்த எஞ்சினை நான் கேக்கவேணும்.

அன்புடன்,
அப்பா