ரஜுலாவுக்கு டெக் போடும் முன்

நாகப்பட்டினம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குப் பினாங்கிலேயே வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்லது, மாடிப்படி ஏறுவதை மட்டும் கொஞ்ச நாளைக்கு விடச் சொல். இங்கே மழை ஓய்ந்துவிட்டது. கொல்லைக் கொட்டகையில் ஈரம் காய்ந்ததும் ரஜுலா மாடல் கப்பல் வேலையை மறுபடி எடுத்துவிட்டேன்.

பேட்டரி மோட்டாரா, நிஜ நீராவியா என்று கேட்டிருந்தாய். நீராவிதான். ரஜுலா 1926-இல் கிளாஸ்கோவின் பார்க்ளே கர்ல் கப்பல் தளத்தில் கட்டிய கப்பல். மும்முறை விரிவு நீராவி எஞ்சின் இரண்டு, புரொப்பல்லர் இரண்டு. பாய்லரிலிருந்து வரும் நீராவி முதலில் சின்ன சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும், அழுத்தம் குறைந்ததும் நடு சிலிண்டருக்குப் போகும், கடைசியில் மிச்சமிருக்கிற பலத்தையும் பெரிய சிலிண்டரில் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறும். ஒரே நீராவியிடம் மூன்று முறை வேலை வாங்கிய கப்பலுக்குள் பொம்மை மோட்டாரை வைக்கப் பொன்மலையில் வேலை பார்த்த என் கை ஒப்பவில்லை. யோசித்துப் பார், ரஜுலா ஓடத் தொடங்கிய இரண்டு வருஷத்தில் நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை பொன்மலைக்குப் போய்விட்டது. என் தாத்தா பணிமனையோடு போனார், உன் தாத்தா கப்பலோடு போனார்.

அளவைச் சொல்கிறேன். அசல் கப்பல் ஏறத்தாழ 477 அடி நீளம், 62 அடி அகலம். ஓர் அடிக்கு அரைக்கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டேன். அதாவது 96-இல் ஒரு பங்கு. நீளம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவாகவும், அகலம் ஏழே முக்கால் அங்குலமாகவும் வருகிறது. நம் வீட்டு வாசற்படியைத் தாண்டி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் எடை இந்தக் கணக்கில் குறையாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 96-ஆல் வகுபடுவதால் எடை 8,84,736-ஆல் வகுபடும். அசல் கப்பலின் ஒவ்வொரு 1,000 டன்னுக்கும் இங்கே எனக்குக் கிடைப்பது 1 கிலோ 130 கிராம்தான். பாய்லர், அதன் தண்ணீர், எஞ்சின், மரம், வண்ணம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மீறினால் நீர்க்கோடு அமுங்கிவிடும். பிறகு அது ரஜுலா மாதிரி இருக்காது, சரக்கு அதிகம் ஏற்றிய தோணி மாதிரி இருக்கும்.

வேகத்துக்கு வேறு கணக்கு. வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870-களில் டார்க்கி ஊரில் நீண்ட தொட்டி கட்டி, மெழுகுக் கப்பல்களை இழுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. மாடலின் அலை அசலின் அலையைப் போலவே எழ வேண்டுமானால், வேகத்தை அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 96-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 9.8. 12 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 12 கடல்மைல் போகிற கப்பலுக்கு என் தொட்டியில் விநாடிக்கு 63 சென்டிமீட்டர். நாம் சாதாரணமாக நடக்கிற வேகத்தில் பாதி. குளங்களில் மாடல் கப்பல் விடுகிறவர்கள் பலர் மோட்டார் படகு மாதிரி சீறவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதேயில்லை. கப்பலின் முன்முனையான அணியத்தில் அலை சரியாக ஒரு வரி எழுந்து, பக்கவாட்டில் சாய்ந்து விலக வேண்டும். அதைப் பார்க்கத்தானே இத்தனை பாடு!

உடற்பகுதி முடிந்துவிட்டது. அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா மரத்துக்குத் தேக்கு. விலா எலும்பு மாதிரி நிற்கும் வங்குகளுக்கு நாலு மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட். மேலே ஒட்ட, குமிழ் மரத்தை மெல்லிய பட்டைகளாக அறுத்துக்கொண்டேன். குமிழ் இலேசானது, உளிக்கு இணங்கும், வெந்நீரில் நனைத்தால் வளையும். புகைப்படங்களையும் அளவுகளையும் வைத்து, அந்தக் காலத்துப் பயணிக் கப்பல்களின் வளைவுகளோடு ஒப்பிட்டு நானே வரைபடம் போட்டேன். நடுப்பகுதி ஏறக்குறையப் பெட்டி வடிவம்தான், அங்கே வேலை சுலபம். முனைகளில்தான் மரம் நம் பொறுமையைச் சோதிக்கும். வங்குகள் மேல் ஒரு நீளப் பட்டையைப் படுக்க வைத்து, ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து பார்க்க வேண்டும். எந்த வங்கு மேட்டில் இருக்கிறது, எது பள்ளத்தில் இருக்கிறது என்று அந்தப் பட்டையே காட்டிக்கொடுக்கும். மேட்டை அரத்தால் எடுக்கணும், பள்ளத்தில் சீவல் ஒட்டணும், திரும்பவும் பார்க்கணும். இந்த வேலையில் அவசரம் காட்டினால் பிறகு எத்தனை பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டாலும் வண்ணம் அடித்ததும் தெரிந்துவிடும். உள்ளே கண்ணாடி இழைத் துணியும் அரால்டைட்டும். இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் வரிசைகளை மெல்லிய காகிதப் பட்டைகளால் காட்டியிருக்கிறேன். ரிவெட் வைக்கவில்லை. இந்த அளவில் ஒரு ரிவெட் தலை அரை மில்லிமீட்டர்கூட வராது, வைத்தால் பொய்யாகத்தான் தெரியும். பக்கத்து வட்ட ஜன்னல்களுக்கு, செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய, கயிறு நுழைக்கும் ஷூ கண்கள் அளவெடுத்தாற்போல் பொருந்தின. புகைபோக்கிக்கு, கப்பலை ஓட்டிய பி.ஐ. (பிரிட்டிஷ் இந்தியா) கம்பெனியின் கறுப்பும் இரண்டு வெள்ளைப் பட்டையும்.

பாய்லர் செம்புக் குழாய். மூட்டெல்லாம் வெள்ளிப் பற்று. ஈயப் பற்று 180 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்தில் நீராவியே 140 டிகிரி இருக்கும், தண்ணீர் வற்றினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. வெள்ளிப் பற்றுக்கு 600-க்கு மேல் வேண்டும். முதலில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் 80 பவுண்டு வரை ஏற்றிச் சோதித்தேன். தண்ணீர் அமுங்காது, அதனால் விரிசல் இருந்தால் கசியுமே தவிர வெடிக்காது. மூட்டு எதுவும் கசியவில்லை. பேரன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டேதான் செய்தேன். பாதுகாப்பு வால்வு ஏன் வேண்டும் என்பது அவனுக்கு இப்போது மனப்பாடம்.

எஞ்சின் விஷயத்தில் இந்த வயிற்றுக்குள் மூன்று சிலிண்டருக்கு இடமில்லை. இரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை லேத்தில் கடைந்து செய்திருக்கிறேன். புரொப்பல்லர் தண்டு இரண்டையும் சம அளவுப் பல்சக்கரங்களால் கோத்துவிட்டேன். ஒன்று வலம் சுற்றினால் மற்றது இடம் சுற்றும், அசலில் இருந்த இரட்டைப் புரொப்பல்லர்கள் மாதிரியே. எண்ணெய் போடும் ஏற்பாடு உனக்குப் பிடிக்கும். எண்ணெய் நிரம்பிய சின்னக் குப்பிக்குள் துளி நீராவி போய்க் குளிர்ந்து தண்ணீராகிறது, கீழே இறங்குகிறது, அந்த அளவு எண்ணெய் மேலெழுந்து சிலிண்டருக்குப் போகிறது. பம்பும் வேண்டாம், பல்சக்கரமும் வேண்டாம்.

இப்போது நான் உனக்கு எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய கப்பல் மாடல்களைப் பார்த்திருப்பாய். பித்தளை பளபளக்கும், தேக்கு மின்னும், ஓர் ஆள் இருக்க மாட்டார். முதலாளிகள் பார்த்து மகிழச் செய்தவை அவை. ரஜுலாவை அப்படிச் செய்தால் அதன் பாதியை விட்டுவிட்டதாகும். அந்தக் கப்பல் முதல் வகுப்புக்காரர்களுக்காகக் கட்டப்பட்டதில்லை. 5,000 பேருக்கு மேல் டெக் பயணிகளை ஏற்ற உரிமம் வைத்திருந்த கப்பல் அது. சென்னையிலும் நம் நாகப்பட்டினத்திலும் டிப்போ என்ற பயணிகள் முகாமில் காத்திருந்து, இங்கே படகில் போய் ஏறி, பினாங்கிலும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் (இப்போதைய போர்ட் கிள்ளான்) சிங்கப்பூரிலும் இறங்கிய சனம். உதவித் தொகையோடு கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு நிறுத்தும் வரை தோட்டத்துக்குப் போனவர்கள், பிறகு போனவர்கள், திரும்பி வந்தவர்கள், எல்லோரும் பாய் விரித்தது டெக்கிலும் அதற்குக் கீழே உள்ள தட்டிலும்தான்.

இதே வகையில் கட்டிய ரோனா 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கடலில் ஜெர்மானியக் குண்டுக்கு இரையாகி, ஆயிரத்துக்கு மேல் அமெரிக்கப் படைவீரர்களோடு மூழ்கியது. ரஜுலாவும் போரில் படை ஏற்றிப் போனது, ஆனால் திரும்பி வந்து நம் ஆட்களையே மறுபடி ஏற்றியது. 1973-இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. மறு வருஷமே உடைத்துவிட்டார்கள்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். முன்பக்கச் சரக்குத் துவாரத்தின் மூடிப் பலகைகளை எடுத்து ஓரமாக அடுக்கி வைத்தாற்போல் செய்யப்போகிறேன். மேலிருந்து எட்டிப் பார்த்தால் கீழ்த்தட்டு தெரியும். எட்டடி உயரம் இங்கே ஓர் அங்குலம், ஐந்தரை அடி ஆள் பதினேழு மில்லிமீட்டர். செம்புக் கம்பியை வளைத்து எம்-சீல் பூசி ஆட்கள் செய்கிறேன். உட்கார்ந்தவர்கள், படுத்தவர்கள், குழந்தையை மடியில் போட்டவர்கள். கோரைப் பாய்க்குக் காகிதம், தகரப் பெட்டிக்குச் சின்ன மரத்துண்டு. மேல்தட்டில் எடை கூடினால் கப்பல் சாயும், கீழே ஈயக் கட்டி வைத்து அதைச் சமன் செய்தாகிவிட்டது.

இந்த வேலையில் எனக்குத் துணை நீதான். நான் கரையில் நின்று பார்த்தவன், நீ அதில் போனவன். உங்கள் குடும்பம் பாய் விரித்தது மேல்தட்டிலா, கீழ்த்தட்டிலா? சமையல் சாமான் பெட்டியைத் தலைமாட்டில் வைத்தீர்களா, கால்மாட்டிலா? இரவில் துவாரத்தின் மேல் கித்தான் இழுத்தார்களா, வானம் தெரிந்ததா? ஆட்டம் கண்ட நாளில் பெரியவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், கயிறு கட்டியிருந்ததா? உன் அம்மா அன்றைக்கு உடுத்தியிருந்த சேலை என்ன நிறம்? அக்காவையும் கேட்டு எழுது, அவளுக்கு ஞாபகம் அதிகம். படம் வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

கீழ்த்தட்டை மூடிவிட்டால் பிறகு கை நுழையாது. உன் பதில் வந்த பிறகுதான் டெக் பலகை ஒட்டுவேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்