பெய்லரைச் சரிபார்த்துத் தந்த அண்ணனுக்கு நன்றி

பாய்மரப் படகு வீரர் பால் எல்வ்ஸ்ட்ரோம் நினைவு நாளுக்காக எடுத்த பழைய படகின் பெய்லரைச் சரிசெய்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள் அண்ணா. ரொம்ப நன்றி.

படகுக்குள் சேரும் தண்ணீரைத் தானே வெளியேற்றும் இந்தச் சின்ன உலோகப் பெட்டியை உருவாக்கியவரே அந்த டென்மார்க்காரர்தான். படகு வேகம் பிடித்ததும் பெட்டியைக் கீழே இறக்கினால், அதன் பின்பக்கம் அழுத்தம் குறைந்து தண்ணீர் உறிஞ்சப்படும். வேகம் குறைந்தால் மூடிவிட வேண்டும்; இல்லையென்றால் கடல் உள்ளே வரும். திறந்தபடியே கரையேற்றினால் மணல் அடைத்து, தகடும் வளையும். இங்கே நடந்தது அதுதான். நீங்கள் நல்ல தண்ணீரில் மணலைக் கழுவி, வெடித்த கேஸ்கெட்டை (ஒழுகாமல் அடைக்கும் பட்டையை) மாற்றி, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினீர்கள். ஒரே பக்கம் இறுக்கினால் கேஸ்கெட் பிதுங்கி மறுபடி ஒழுகும்.

1948, 1952, 1956, 1960 என நான்கு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர் அவர். 1948-இல் பந்தயத் தொடரின் முதல் பந்தயத்தைப் பாதியில் விட்டும் தங்கம் வென்றார்! வீட்டிலேயே பெஞ்சு போட்டு, படகுக்கு வெளியே சாயும் பயிற்சி செய்தவர். ஆனால் எங்களுக்குப் பிடித்தது 1984 ஒலிம்பிக்: 56 வயதில், மகள் ட்ரைனுடன் டொர்னாடோ என்ற இரட்டை உடல் பாய்மரப் படகில் நான்காவது இடம்.

மிச்சமான கேஸ்கெட் உங்களுக்காக டப்பாவில் இருக்கிறது, அண்ணா.