அனுப்பாத மனு

புதுக்கோட்டை,
20-07-2025

அன்புள்ள முத்து,

இங்கு நலம். எட்டு மாதமாகக் கடிதம் போடாததற்குத் திட்டுவதாக இருந்தால், இதைப் படித்து முடித்துவிட்டு மொத்தமாகத் திட்டிக்கொள். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சென்ற வாரம் பீரோவைத் துப்புரவு செய்தபோது, பழைய பஞ்சாங்கங்களுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை அகப்பட்டது. தபால்தலை ஒட்டியிருந்தது, முத்திரை விழவில்லை. உள்ளே, நம் மாவட்டம் முழுவதையும் ஒரே மக்களவைத் தொகுதியாக வைக்கக் கேட்டு, தொகுதி எல்லைகளைத் திருத்தும் மறுவரையறை ஆணையத்துக்கு நாம் எழுதிய மனுவும், நீ பச்சை மையில் வரைந்த மாவட்டப் படமும் இருந்தன. "அனுப்பிவிட்டேன், பதில்தான் வரவில்லை" என்று இத்தனை ஆண்டுகளாக உன்னிடம் சொல்லிவந்தேன் அல்லவா? அனுப்பவில்லை. மூத்தவளின் நிச்சயதார்த்த வேலையில் கெடு தாண்டிவிட்டது. பிறகு சொல்ல வெட்கமாக இருந்தது.

நம்முடைய ஒரு மனுவைக் கண்டு நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் மனம் மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என்றாலும் உன் கணக்கை மறுபடி படித்தபோது வயிறு எரிந்தது. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிகள் 234, மக்களவைத் தொகுதிகள் 39. ஆறுக்கு ஒன்று என்று மிச்சமில்லாமல் வகுபடுகிறது. நம் மாவட்டத்திலும் சட்டமன்றத் தொகுதிகள் ஆறுதான். 2001 கணக்கெடுப்பின்படி ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரி 16 லட்சம் பேர். நம் மாவட்டத்தின் மக்கள்தொகை 14.6 லட்சம். சராசரியைவிட ஒன்பது சதவீதம் குறைவு, அவ்வளவே. ஆறையும் சேர்த்துக் கட்டியிருந்தால் ஒரு தொகுதி. மாறாக, புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு என்று, கல்யாண வீட்டில் மிஞ்சிய பலகாரத்தைப் போலப் பங்கு போட்டுவிட்டார்கள். 2004-இல் மக்களவைக்கு ஒருவரை அனுப்பிய புதுக்கோட்டைத் தொகுதி, 2009-இல் பெயரளவில்கூட இல்லை.

"ஒரு மாவட்டத்துக்கு நான்கு எம்.பி., யோகம்தானே" என்று நீ வழக்கம்போலக் கேலி செய்வாய். அந்த நால்வருக்கும் நாம் ஆறில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு. கரூர் வேட்பாளர் வேடசந்தூரில் தொடங்கி விராலிமலை வரை நான்கு மாவட்டங்களில் வாக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் நம்மூர்ப் பேருந்து நிலையத்தைப் பற்றி எதற்காகக் கவலைப்பட வேண்டும்?

2009-இல் நான் 49-ஓ போட்ட கதை உனக்குப் பாதிதான் தெரியும். நோட்டா பொத்தான் 2013-இல்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்று வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் எழுதவைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் சொன்னதும் முகவர்கள் அத்தனை பேரும் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் என் சம்பந்தி வீட்டு உறவு. தொகுதியைப் பறித்துவிட்டார்கள் என்று அங்கே வீரமாகச் சொன்னேன். மனு அப்போதும் பீரோவில்தான் இருந்தது.

இப்போது எங்கு பார்த்தாலும் மறுவரையறைப் பேச்சுத்தான். மார்ச் 22 அன்று சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடி, 1971 கணக்கெடுப்பின்படி அமைந்த தொகுதி எண்ணிக்கையை மேலும் 25 ஆண்டுகளுக்கு மாற்றக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நானும் அந்தப் பக்கம்தான். 1962-இல் 41 ஆக இருந்த நம் மாநிலத்தின் மக்களவை இடங்கள் 1967-இல் 39 ஆனதை அரைக்கால் சட்டை வயதில் கண்டவர்கள் நாம். ஆனால் எண்ணிக்கையைப் பற்றி முழங்குகிற எவரும் எல்லைக்கோட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. சென்ற முறை தமிழ்நாட்டுக்கு ஒரு தொகுதிகூடக் குறையவில்லை, முத்து. எண்ணிக்கை 39 ஆகவே இருக்க, மாநிலத்துக்குள் எல்லைகளை மட்டும் திருத்தியபோதுதான் நம்மூர் காணாமல் போனது.

2027 மார்ச் முதல் தேதியை அடிப்படையாகக் கொண்டு கணக்கெடுப்பு நடக்கப்போகிறது. அதற்குப் பிறகு ஆணையம் வந்தால், வரைவை அரசிதழில் வெளியிட்டு, கருத்துச் சொல்லக் கெடு வைத்து, பொது அமர்வும் நடத்துவது வழக்கமான முறை. மாநிலத்தின் ஐந்து எம்.பி.க்களும் ஐந்து எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்களாக உட்காரலாம், வாக்குரிமை கிடையாது. இறுதி ஆணை வந்துவிட்டால் அதற்குச் சட்டத்தின் வலிமை உண்டு. நீதிமன்றத்தில் அதைப் புரட்டுவது அரிது. ஆக, உனக்கும் எனக்கும் திறந்திருப்பது அந்தச் சில வாரங்கள் மட்டுமே. டீக்கடையில் அரசிதழா படிக்கிறோம்? 2009-இல் வேட்பாளர் பெயர்களைப் பார்த்துத்தான் "இவர் யார், திருச்சிக்காரரா?" என்று நம் தெருவில் பாதிப் பேர் கேட்டார்கள்.

இதையெல்லாம் வாசகசாலையில் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கோட்டைப்பட்டினத்துப் பையன் ஒருவன் குறுக்கிட்டான். "ஐயா, எங்கள் படகுகளை இலங்கைக் கடற்படை பிடித்தால், ராமேசுவரத்துக்கும் எங்களுக்கும் ஒரே எம்.பி. இருப்பது எங்களுக்கு நல்லதுதானே? உங்கள் மாவட்ட எல்லையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அறந்தாங்கியும் நம்மோடு இருக்க வேண்டும் என்று அன்று மனு எழுதியபோது, ஜெகதாப்பட்டினத்தில் ஒருவரையாவது நாம் கேட்டோமா? நான்தான் எழுதினேன், நீதான் வரைந்தாய், இரண்டு பேரும் கடலைப் பார்த்தே ஐந்து வருடம் ஆகியிருந்தது.

ஆகவே ஆடி முடிந்ததும் இங்கே வா. அந்தப் பையனையும் அழைத்துக்கொண்டு கடற்கரை ஊர்களில் இரண்டு நாள் சுற்றிவிட்டு, பிறகு புதிதாக எழுதுவோம். அறந்தாங்கியைச் சேர்த்து ஒரு படம், விட்டு ஒரு படம் என இரண்டாக வரை. பழைய படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மீமிசல் பக்கம் கடலை இரண்டு மைல் உள்ளே விட்டிருக்கிறாய், கவனி. பச்சை மை வேண்டாம், நகலெடுத்தால் விழவில்லை. உறையைத் தபாலில் சேர்க்கும் பொறுப்பை மட்டும் தங்கச்சியிடம் கொடு, என்னிடம் கொடுக்காதே.

உன்,
ராமசாமி